ஃபைபர் பாய்மரப் படகில் அடிபட்டால்: கரையேற்றுவது முதல் மறுபடி தண்ணீரில் இறக்குவது வரை

சென்னையில் கட்டிவைத்திருந்த என் சின்ன ஃபைபர் பாய்மரப் படகின் மேல், கயிறு அறுந்த இன்னொரு படகு இரவெல்லாம் மோதியிருந்தது. வெளியே பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நட்சத்திர விரிசல், அவ்வளவுதான். ஒரு பட்டறையில் அதன்மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அதே இடம் கொப்பளித்து உள்ளிருந்து பழுப்பு நீர் கசிந்தது. அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து முறைப்படி செய்து முடிப்பதற்குள், எந்தப் பொருளை எங்கே வாங்குவது, யாரை நம்புவது, இன்ஷூரன்ஸுக்கு எதைக் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைத் தேடி அலைந்தேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர் படகில் வெளியே தெரியும் காயம், உண்மையான காயத்தில் ஒரு பகுதிதான். ஒட்டும் வேலை அவ்வளவு கஷ்டமில்லை, பழைய பலகைத் துண்டில் நாலு தடவை செய்து பார்த்தால் கை வந்துவிடும். ரிப்பேர் நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்வது ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வேலைகள்: ஈரம் போகக் காயவைப்பது, காயத்தின் ஓரத்தை நீளமான சரிவாகத் தேய்ப்பது. நேரம் பிடிப்பதும் இவைதான், அவசரத்தில் விட்டுப்போவதும் இவைதான்.

ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் படகுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம்) உடலோடு சேரும் இடம், பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் மாட்டும் இடம், சுக்கான் தொங்கும் இடம், இந்த மூன்றில் அடி என்றால் இதைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

1. அடிபட்ட அன்றே

தண்ணீர் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறினால் வெளிப்பக்கமாக ஒரு ரப்பர் ஷீட்டையோ தடித்த தார்ப்பாயையோ ஓட்டையின் மேல் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரின் அழுத்தமே அதை உடலோடு ஒட்டவைக்கும். உள்ளிருந்து அடைப்பதைவிட இது நன்றாக நிற்கும். நடுக்கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் கைபேசியில் இப்போதே சேமித்துவையுங்கள்.

கரைக்கு வந்ததும் எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். தூரத்தில் இருந்து முழுப் படகு, அப்புறம் காயம், அப்புறம் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் காயம், உள்பக்கம். மோதியது இன்னொரு படகோ ஜெட்டியோ என்றால் அதில் ஒட்டியிருக்கும் உங்கள் படகின் பெயின்ட்டையும் எடுங்கள். தேதி, நேரம், காற்று, அலை, படகில் யார் இருந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நாலு நாள் கழித்து எழுதினால் விவரம் மாறிவிடும், இன்ஷூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பது அந்த விவரத்தைத்தான்.

2. காகிதங்கள்

இன்ஷூரன்ஸ் இருந்தால், ரிப்பேரைத் தொடங்குவதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் போக வேண்டும். போனில் சொன்னால் போதாது, மெயில் அனுப்பி கிளெய்ம் எண்ணை வாங்குங்கள். 2024-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிமுறைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்த மூன்று எண்களையும் மெயிலிலேயே குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் வரும் வேகம் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை: பாலிசி நகல், படகு உங்களுடையது என்பதற்கான பதிவுச் சான்றோ வாங்கிய ரசீதோ, நிகழ்ந்ததை விவரிக்கும் கடிதம், படங்கள், மோதியது வேறொருவர் படகு என்றால் அவருடைய பெயரும் அவர் கையெழுத்திட்ட குறிப்பும், படகு நிற்கும் கிளப்புக்கோ துறைமுகத்துக்கோ நீங்கள் கொடுத்த தகவலின் நகல், ரிப்பேர் செய்பவரின் எஸ்டிமேட்.

எஸ்டிமேட்டில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். "ஃபைபர் வேலை, பெயின்ட் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். கரையேற்றும் செலவு, பிரித்துப் பார்ப்பது, காயவைப்பது, ஃபைபர் ஒட்டுவது, ஜெல்கோட் (ஃபைபரின் மேல் இருக்கும் பளபளப்பான நிறப் பூச்சு), மறுபடி இறக்குவது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கடைசியில் "பிரித்துப் பார்த்த பின் கூடுதல் சேதம் தெரிந்தால் மறு எஸ்டிமேட் தரப்படும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். ஃபைபரில் கூடுதல் சேதம் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரை மறுபடி கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய பிறகு காட்ட எதுவும் இருக்காது.

பாலிசியில் மூன்று இடங்களைப் படியுங்கள். நீங்களே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு. சேதம் பெரிதாகாமல் தடுக்க நீங்கள் செய்த செலவைத் தருவார்களா. பந்தயத்தில் ஓடும்போது நடந்த விபத்து உண்டா இல்லையா. தேய்மானத்தால் வந்தது என்று சொல்லிக் கிளெய்மை மறுப்பது வழக்கம், அதனால்தான் அன்றைக்கு எடுத்த படங்கள் முக்கியம். கம்பெனி மறுத்தாலோ, நீங்கள் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாள் பதில் இல்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளைப் பார்க்கிறார்கள், மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

3. சேதம் எதுவரை என்று கண்டுபிடிப்பது

இந்த வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தேவைப்படுவது ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு மார்க்கர் பேனா, நல்ல டார்ச்.

காயத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நன்றாக இருக்கும் இடத்தில் நாணயத்தால் தட்டுங்கள். "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். அப்படியே தட்டிக்கொண்டே காயத்தை நோக்கி வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் "தொப் தொப்" என்று மந்தமாகும். அங்கே ஒரு புள்ளி வையுங்கள். எல்லாத் திசையிலிருந்தும் இப்படி வந்து புள்ளிகளை இணைத்தால் உண்மையான காயத்தின் வரைபடம் கிடைக்கும். என் படகில் வெளியே தெரிந்தது உள்ளங்கை அகலம், மார்க்கர் கோடு போட்டது ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டம்.

அடுத்து உள்பக்கம் போங்கள். அலமாரி, தரைப்பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளியே மோதும்போது உடல் உள்ளே வளைந்து திரும்புகிறது. அப்போது குறுக்குத் தடுப்புகள் உடலோடு ஒட்டியிருக்கும் ஓரங்கள் பிய்ந்துவிடும். அடிபட்ட இடத்தில் மட்டும் பார்க்காமல், அதற்கு எதிர்ப்பக்கமும் பாருங்கள். வெள்ளையாக மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பிய்ந்த இடம். தரை தட்டிய படகு என்றால் கீலின் பின்முனை சேரும் இடத்தை உள்ளிருந்து பாருங்கள், முன்னால் இடித்த வேகம் அங்கேதான் மேல்நோக்கிக் குத்தும். சிறு டிங்கி என்றால் சென்டர்போர்டு (தூக்கி இறக்கும் அடிப்பலகை) நுழையும் கூண்டின் அடியோரம்.

அப்புறம் ஜெல்கோட்டைத் தேய்த்து எடுங்கள். அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அடியில் நல்ல ஃபைபர் லேசான பச்சை கலந்த கண்ணாடி போலத் தெரியும், டார்ச்சை உள்ளே பிடித்தால் வெளிச்சம் சீராக வரும். உடைந்த ஃபைபர் பால்வெள்ளையாக இருக்கும், வெளிச்சம் அங்கே மங்கும். அந்த வெள்ளை முழுவதும் போக வேண்டும். "இது லேசான வெள்ளைதானே" என்று விட்டால் அங்கிருந்துதான் மறுபடி பிளக்கும்.

உடல் ஒரே தடிமனான ஃபைபரா, அல்லது இரண்டு தோலுக்கு நடுவே ஃபோமோ பால்சா மரமோ வைத்ததா என்பதும் இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். பல படகுகளில் அடிப்பகுதி ஒரே தடிமன், டெக்கில் மட்டும் நடுப்பொருள். நனைந்த பால்சா காய்ந்து தேறாது, நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுங்கள்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அதை ஒரு ப்ளோ டார்ச்சின் தீயில் எரியுங்கள். இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் கரும்புகையாகப் போய்விடும், கண்ணாடி இழை மட்டும் அடுக்கடுக்காக மிஞ்சும். ஆறியதும் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து எண்ணுங்கள்: எத்தனை மேட் (வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிய விரிப்பு), எத்தனை ரோவிங் (தடித்த இழைகளால் நெய்த துணி), எந்த வரிசை. கட்டியவர் வைத்த அதே வரிசையில் நீங்களும் வைக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

4. நாமே செய்வதா, ஆள் வைப்பதா

நீர்க்கோட்டுக்கு மேலே, ஓர் அடிக்குள் இருக்கும் காயம், ஒரே தடிமனான ஃபைபர் என்றால் தாராளமாக நீங்களே செய்யலாம்.

ஆள் வைப்பது என்றால் காசிமேடு பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டும் அண்ணன்மாரைப் போய்ப் பாருங்கள். மேட்டில் ரெசின் ஊறவைத்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டுவதில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் யாட்ச் வேலை செய்கிறேன் என்று பெரிய தொகை கேட்பவர்கள் பலரிடம் இல்லை. என் படகைத் தட்டிப் பார்த்த ஒருவர், "தண்ணி குடிச்ச ஃபைபர்ல மேட் புடிக்காது தம்பி, ரெண்டு வாரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரிடம்தான் வேலையைக் கொடுத்தேன்.

ஆனால் மீன்பிடிப் படகு வேறு, பாய்மரப் படகு வேறு. அங்கே எடை ஒரு பிரச்சினை இல்லை, மேலே இன்னும் இரண்டு மேட் ஒட்டிப் புடைப்பாக விட்டாலும் படகு ஓடும். பாய்மரப் படகில் வடிவம் கெட்டால் ஓட்டம் கெடும். அதனால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: சரிவு எவ்வளவு, எந்த ரெசின், எத்தனை அடுக்கு, மேற்பரப்பு பழைய வளைவோடு சமமாக வர வேண்டும் என்பது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி வேலை நடக்கும் நேரம், நல்ல ஆட்கள் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள், கரையில் இடமும் கிடைக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் ஈரப்பதத்துக்கும் ஆள் கிடைப்பதற்கும் சேர்த்து நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தயவுசெய்து தொடாதீர்கள், அவசரம் என்றால் தற்காலிகமாக மூடித் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிடுங்கள்.

5. பொருட்களும் செலவும்

பொருள் செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் தடிமன் உடலில் 8 சென்டிமீட்டர் ஓட்டை. சரிவு தேய்த்த பின் 20 சென்டிமீட்டர் வட்டமாகும். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தரும், ஆக ஐந்தாறு அடுக்கு. மொத்தக் கண்ணாடி இழை 100 கிராம்கூட வராது. மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை. ஆக கால் கிலோ ரெசின். கடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்து தர மாட்டார்கள், மிச்சத்தைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெசினில் சாதாரண பாலியெஸ்டர் மலிவு, கிலோ சில நூறு ரூபாய்தான். ஐசோ பாலியெஸ்டர் கொஞ்சம் கூட, தண்ணீரைத் தாங்கும். வினைல் எஸ்டர் அதற்கும் மேலே, பழைய ஃபைபரைப் பிடிப்பதிலும் நன்றாக இருக்கும். எபாக்சி எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடிக்கும், விலை பாலியெஸ்டரைப்போலப் பல மடங்கு. என் கருத்து: நீர்க்கோட்டுக்கு மேலே ஐசோ போதும், கீழே வினைல் எஸ்டர் அல்லது எபாக்சி.

எபாக்சி எடுத்தால் இரண்டு விஷயம். சாதாரண மேட்டை எபாக்சியோடு பயன்படுத்த முடியாது. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது, எபாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். எபாக்சியின் மேல் சாதாரண ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது, அதனால் மேலே பெயின்ட்தான்.

சென்னையில் பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகளிலும் அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளிலும் விசாரியுங்கள். ரெசின் டப்பாவில் தயாரித்த தேதியைப் பாருங்கள். நம் வெயிலில் பாலியெஸ்டர் சில மாதங்கள்தான் தாங்கும். டப்பாவைச் சாய்த்துப் பார்த்து இழுவையாகவோ கட்டியாகவோ இருந்தால் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், 18% கூட ஆகும்தான், ஆனால் பில் இல்லாத பொருளுக்கு கிளெய்ம் இல்லை.

உண்மையில் பணம் போகும் இடங்கள் வேறு: கிரேன் அல்லது டிரெய்லர் வந்து போவதற்கு, போக வர இரண்டு தடவை, கரையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை, ஆள் கூலி, முகமூடி, கிரைண்டர், தராசு. காயவைக்கும் வாரங்களுக்கும் சேர்த்து இட வாடகையை முன்கூட்டியே பேசி முடியுங்கள், நாள் கணக்கில் விட்டால் பொருள் செலவைத் தாண்டிவிடும்.

6. காயவைப்பது

முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஒரு முறை அல்ல, பல நாள். விசித்திரமாகத் தோன்றலாம். உப்பு உள்ளே இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நம் கடற்கரைக் காற்றில் காயவே காயாது. கழுவிய பின் நிழலில், காற்றோட்டத்தில் விடுங்கள். இரவில் தார்ப்பாய் மேலே மட்டும் இருக்கட்டும், பக்கங்களை மூடினால் உள்ளேயே வியர்க்கும். ஹேலோஜன் விளக்கோ ஹீட்டரோ வைத்தால் கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் பனி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் காயத்தில் வரும் எண்ணையும் படகின் நல்ல இடத்தில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். தனியாக ஓர் எண்ணுக்கு அர்த்தமில்லை. கோடையில் ஒன்றிரண்டு வாரம், ஆழமாக நனைந்திருந்தால் அதற்கும் மேலே.

7. சரிவு தேய்ப்பது

தேய்ப்பதற்கு முன் அசிட்டோனால் துடையுங்கள். முன்னால், பின்னால் அல்ல. படகின் மேல் இருக்கும் வாக்ஸைத் துடைக்காமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்த ரெசினும் பிடிக்காது. ஒரு சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுங்கள். சாயம் போன பனியன் வேஸ்ட் வேண்டாம், வெள்ளைத் துணி.

சரிவு 12-க்கு 1. அதாவது 5 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுற்றிலும் 60 மில்லிமீட்டர். பார்க்கும்போது "இவ்வளவு நல்ல ஃபைபரைத் தேய்க்கிறோமே" என்று மனம் பதறும். தேயுங்கள். புதிய ஃபைபர் பழையதைப் பிடிப்பது முழுக்க முழுக்க பசை வலுவில்தான், பிடிக்கும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு வலு. கிரைண்டரில் 36 அல்லது 40 எண் உப்புத்தாள் வட்டு போடுங்கள். சரியாகத் தேய்த்தால் பழைய அடுக்குகள் ஒவ்வொன்றும் வளையம் வளையமாகத் தெரியும். வளையங்கள் சீரான அகலத்தில் இருந்தால் சரிவும் சீராக இருக்கிறது.

கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. நல்ல தூசு முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீரில் குளித்தால் அரிப்பு கூடும்.

8. கலப்பது: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

பாலியெஸ்டருக்கு இரண்டு திரவங்கள் கொடுப்பார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்சிலரேட்டர். நிறமில்லாமல் தண்ணீர்போல இருப்பது கேட்டலிஸ்ட், சிலர் ஹார்டனர் என்பார்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கப், ஒரே சிரிஞ்ச், ஒரே துணி எதுவும் வேண்டாம், இரண்டு பாட்டிலையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இதைவிட நல்ல வழி, ஏற்கெனவே ஆக்சிலரேட்டர் சேர்த்த ரெசினாகக் கேட்டு வாங்குவது. புதியவர்கள் அதையே வாங்குங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ஊற்றும்போது கண்ணாடி கட்டாயம், பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். பட்டால் உடனே, அதே நொடியில், பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி.

அளவு: எடையில் 1 முதல் 2 சதவீதம். 200 கிராம் ரெசினுக்கு 1.5% என்றால் 3 கிராம். கண் மதிப்பு வேண்டாம், டிஜிட்டல் தராசு வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 1 சதவீதத்துக்குக் கீழே குறைக்காதீர்கள், மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுசாக இறுகாது. அதற்குப் பதில் காலையில் செய்யுங்கள், ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். எபாக்சியில் இந்தக் கூட்டல் குறைத்தலே கிடையாது, டப்பாவில் போட்ட விகிதம் போட்டதுதான்.

கப்பில் மிஞ்சிய ரெசின் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், பிளாஸ்டிக் கப் உருகும். மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி வெட்டவெளியில் வையுங்கள், குப்பைக் கூடையில் போடாதீர்கள். ரெசின் வாடைக்குத் துணி முகமூடி பயன்படாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

9. ஒட்டுவது

ஓட்டை முழுசாக ஊடுருவியிருந்தால் ஒரு பக்கம் தாங்கல் வேண்டும். மைக்கா ஷீட் அருமையாக வளையும்: வாக்ஸ் தடவி, பளபளப்பான பக்கம் உடலைப் பார்க்கும்படி, படகின் வளைவோடு டேப்பும் முட்டுக்கட்டையும் கொடுத்து இறுக்குங்கள்.

காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள், அதற்கு முன் உடலில் பனி இருக்கும். கடற்காற்று ஈரத்தோடு வீசத் தொடங்குவதற்குள் முடியுங்கள். வெயில் நேராக உடலில் படக் கூடாது.

மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெல்லிசாகப் படியும். எல்லாத் துண்டுகளையும் முன்பே கிழித்து வரிசையாக எண் போட்டு வையுங்கள், கையில் ரெசினோடு கிழிக்க முடியாது. முதலில் சரிவு முழுவதையும் மூடும் பெரிய துண்டு, பிறகு படிப்படியாகச் சின்னது. சின்னதிலிருந்து தொடங்குபவர்களும் உண்டு. பெரியது முதலில் என்றால் அகலமான ஒரே அடுக்கு பழைய ஃபைபரை நேரடியாகப் பிடிக்கிறது, கடைசியில் சமமாகத் தேய்க்கும்போது அது அறுபடுவதும் இல்லை. நான் அதையே செய்யச் சொன்னேன்.

பரப்பில் ரெசின் தடவி, மேட் வைத்து, மேலே பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊறவிடுங்கள், இழுக்காதீர்கள். வெள்ளை மறைந்து கண்ணாடியாகத் தெரியும் வரை. பிறகு இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் குமிழை வெளியேற்றுங்கள். ஒரே மூச்சில் மூன்று, நான்கு அடுக்குக்கு மேல் வேண்டாம், சூடேறிச் சுருங்கும். கை வைக்கும் அளவு ஆறியதும் அடுத்த மூன்று. ஒரு நாளுக்குள் தொடர்ந்தால் தேய்க்காமலே பிடிக்கும், அதற்கு மேல் ஆனால் மறுபடி 40 எண் தாளால் கீறிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

நடுப்பொருள் மாற்றுவது என்றால் ஒரே எச்சரிக்கை: தெர்மக்கோல் வைக்காதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்ட உடனே கரைந்து குழியாகிவிடும். பிவிசி ஃபோம் அல்லது பியூ ஃபோம்.

10. பட்டி, ஜெல்கோட்

ஒரு நாள் முழுக்க இறுகிய பிறகு பழைய வளைவுக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வரும்படி தேய்த்து, மிச்சத்தைப் பட்டியால் நிரப்புங்கள். காரில் பூசும் பட்டி நீர்க்கோட்டுக்குக் கீழே கூடவே கூடாது, அது தண்ணீரைக் குடிக்கும். நீங்கள் ஒட்டிய அதே ரெசினில் ஏரோசில் தூள் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தால் விழாத கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து பூசுங்கள்.

நிறம் பொருந்துவதற்கு, பழைய ஜெல்கோட்டை முதலில் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் துடைத்துப் பாருங்கள், வெயிலில் வெளுத்த மேல்தோலுக்கு அடியில் வேறு நிறம் இருக்கும். ஜெல்கோட் காற்றுப் படும் பக்கம் பிசுபிசுவென்றே இருக்கும். வாக்ஸ் கலந்ததை வாங்குங்கள் அல்லது மேலே ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒட்டி மூடுங்கள். பிறகு 220, 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரில் ஏறி காம்பவுண்ட். தண்ணீருக்குள் பாசி பிடிக்காத பெயின்ட் வரும் இடம் என்றால் ஜெல்கோட்டே தேவையில்லை, எபாக்சி தடுப்புப் பூச்சு போதும்.

11. இறக்குவதற்கு முன்னும் பின்னும்

ஒட்டி முடித்து ஒரு வாரம் கரையிலேயே விடுங்கள். அதே ஐந்து ரூபாய் நாணயத்தால் மறுபடி தட்டுங்கள், எங்கும் ஒரே கூர்மையான சத்தம் வர வேண்டும். சர்வேயர் முடிந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதையும் தண்ணீரில் இறக்குவதற்கு முன் முடியுங்கள்; அறிக்கை, அடுக்கடுக்காக எடுத்த படங்கள், பில்கள் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இறக்கியதும் கிரேன் கயிறு கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒட்டிய இடத்தில் டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் உலர்ந்திருந்தால் கழற்றச் சொல்லலாம். முதல் ஓட்டம் லேசான காற்றில் இருக்கட்டும், திரும்பி வந்து மறுபடி பாருங்கள். தரைப்பலகையை அந்த மாதம் முழுவதும் திருகு போட்டு மூடாமல், தூக்கினால் வருகிற மாதிரியே வைத்திருங்கள்.